வீட்டிலிருந்தே மசாலாப் பொடித் தொழில்: எந்த வேலை முதலில், எந்தப் பேப்பர் எப்போது

வீட்டிலேயே ஒரு தொழில் என்றால் மனசு இழுக்கத்தான் செய்யும். கடை அட்வான்ஸ் வேண்டாம், மாத வாடகை வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்பைப் பற்றவைத்து, திரும்பி வருவதற்குள் வேலையை முடிக்கலாம். தினமும் செய்கிற சாம்பார் பொடியையே பத்து மடங்கு செய்தால் போதும் என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். இறங்கியதும் முதலில் பவுச்சும் லேபிளும் அச்சடித்துவிட்டு, அப்புறம் உரிமம் தேடி அலைகிறார்கள். லேபிளில் பதிவு எண் இல்லை, முகவரி பேப்பரோடு ஒத்துப்போகவில்லை என்று ஆகி, ஆயிரம் பவுச்சும் மூட்டையாகப் பரணுக்குப் போய்விடுகிறது.

அந்த வரிசையைச் சரியாக வைக்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில், தனி ஆளாக, சொந்தப் பெயரில், சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, மிளகாய்த்தூள் போன்ற உலர்ந்த பொடிகளை வீட்டில் தயாரித்து விற்க நினைப்பவர்களுக்கு இது. ஊறுகாய், பால், இறைச்சிப் பொருட்களுக்கு விதிகளும் ஆபத்துகளும் வேறு. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. என்ன பொடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று பொடிக்கு மேல் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பொடிக்கும் தனி லேபிள், தனி விலைக்கணக்கு, தனி ஆயுள் உண்டு. பத்து வகையோடு தொடங்கினால் எட்டு வகை அலமாரியில் பழசாகும்.

பொடியின் ஆயுளை முடிவு செய்வது ஈரமும் எண்ணெயும்தான். மல்லி, மிளகாய், பருப்பு மட்டும் சேர்ந்த சாம்பார் பொடி நன்றாகத் தாங்கும். கொப்பரை, வேர்க்கடலை, எள் சேர்ந்த பொடியில் எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பூண்டு, புளி, வெல்லம் சேர்ந்த பொடி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். முதல் தடவை இறங்குகிறவர் எண்ணெய் குறைந்த, ஈரம் இழுக்காத பொடியில் தொடங்குவதே நல்லது.

இரண்டு கிலோ அரைத்து, விற்கப்போகிற அதே பவுச்சில் ஆறு பாக்கெட் போட்டு, தேதி எழுதி, அறை வெப்பத்திலேயே வையுங்கள். மாதம் ஒன்றாகப் பிரித்து வாசனை, நிறம், கட்டி மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 'ஆறு மாதம் தாங்கும்' என்று லேபிளில் போட இது அடிப்படை. ஆனால் இது மட்டும் போதாது. விற்பனை ஓரளவு பிடிபட்டதும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் ஈரப்பதம், சாம்பல், நுண்ணுயிர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் போன்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களில் சோதனை வசதியும் குறுகியகாலப் பயிற்சியும் உண்டு.

2. வீடு தொழில் இடமாக நிற்குமா என்று பாருங்கள்

பின்னால் வரும் எல்லாப் பேப்பரும் இந்த முகவரியில்தான் தொங்கப்போகிறது. சொந்த வீடு என்றால் வீட்டுவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது போதும். மின் இணைப்பு மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால், 'என் வீட்டில் இன்னார் உணவுத் தயாரிப்புத் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு சம்மதக் கடிதம் கையெழுத்தோடு வாங்குங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தின் நகலும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும். 'குடியிருப்புக்கு மட்டும்' என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மிளகாய் வறுக்கிற நெடி பக்கத்து வீட்டுக்குப் போகும் முதல் நாளே விஷயம் அவர் காதுக்குப் போய்விடும். அடுக்ககம் என்றால் சங்கத்தின் விதியையும் பாருங்கள்.

வீடு மாறினால் பதிவும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், லேபிளில் முகவரியும் மாறும். ஆறு மாதத்தில் வீடு மாறப்போகிறீர்கள் என்றால் மாறிய பிறகே தொடங்குங்கள்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது கேஸும் கரண்டும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. வணிக உபயோகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனியாக இணைப்பு எடுக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், என்ன மெஷின், எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லிக் கேளுங்கள். 100 யூனிட் இலவசம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. அதைத் தொழில் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

முதல் ஆண்டு அரவை மெஷின் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மெஷின் வந்தால் தனி இணைப்பு, சத்தம், தூசி, பராமரிப்பு என்று எல்லாம் கூடவே வரும். சுத்தமான ஒரு மில்லைப் பிடியுங்கள். மில்லுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் உங்கள் அளவுக்குத் தேவையா என்பதை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் நடைமுறை மாறுகிறது.

3. உத்யம் பதிவு: ஒரு பைசா செலவில்லை

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி, பான் மூன்றும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்தப் பேப்பரையும் பதிவேற்ற வேண்டியதில்லை, புதுப்பிக்கவும் வேண்டாம்.

தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் மசாலா அரைத்துப் பதப்படுத்துவதற்கு 10795 போடுங்கள். அப்பளமும் செய்வதாக இருந்தால் 10796-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு பொறி உண்டு. தேடுபொறியில் உத்யம் என்று தட்டினால், அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தனியார் தளங்கள் மேலே வரும். அரசுத் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்றுதான் முடியும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. அடுத்தது பெயர். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் இனிஷியல் பின்னால் இருக்கும். இங்கே இடித்தால் அடுத்த ஒவ்வொரு பதிவிலும் இடிக்கும். முதலில் ஆதாரையும் பானையும் ஒன்றாக்குங்கள். தொழிலின் பெயரையும் ஆங்கில எழுத்துக்கூட்டோடு ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லா இடத்திலும் ஒரு எழுத்து மாறாமல் அதையே போடுங்கள்.

4. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு: இதுதான் மையம்

எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பவருக்கும் பொருந்தும். 'வீட்டில்தானே செய்கிறேன், தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறேன்' என்பது விலக்கு ஆகாது. 2011 உரிம விதிகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அடிப்படைப் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று இருந்தது. அடிப்படைப் பதிவுக்கு அந்த விதிகளில் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பு, கட்டணம், செல்லுபடிக் காலம் மூன்றுமே திருத்தத்துக்கு உள்ளாகிறவை. ஆகவே பணம் கட்டும் நாளில் தளம் என்ன காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 'ஃபாஸ்காஸ்' என்ற இணையதளத்தில். நிரப்ப வேண்டியது படிவம் ஏ. கையில் தயாராக இருக்க வேண்டியவை:

பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார் அல்லது வேறு அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று (மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதம்), தயாரிக்கப்போகும் பொருட்களின் பட்டியல். ஒவ்வொன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். நிழல் விழுந்த கைபேசிப் படத்தால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'சில்லறை விற்பனையாளர்' என்பது எளிதாகத் தெரிகிறதே என்று அதைத் தட்டிவிடுவார்கள். நீங்கள் பொடி தயாரிக்கிறீர்கள், ஆகவே 'தயாரிப்பாளர்' வகைதான் உங்களுடையது. சில்லறைப் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு பாக்கெட்டில் 'தயாரிப்பு: இன்னார்' என்று போட்டால், சோதனையில் முதலில் அதுதான் மாட்டும். உணவு வகையில் மசாலாப் பொருட்கள் 12-ஆவது பிரிவில் வருகின்றன. இன்று இல்லாவிட்டாலும் அடுத்த ஆறு மாதத்துக்குள் செய்ய நினைக்கும் பொடிகளையும் இப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்வையிட வருவதாகச் சொல்ல வேண்டும். பார்வையிடுவதாக இருந்தால் 30 நாளுக்குள் முடிவு. இடையில் விளக்கம் கேட்டால் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில்தான் வந்து நிற்கும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வீட்டுக்கு வந்தால் பெரிய தொழிற்சாலையை எதிர்பார்க்க மாட்டார். பார்ப்பது இவற்றைத்தான்: ஜன்னலில் வலை இருக்கிறதா, குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, மூட்டைகள் தரையில் கிடக்கின்றனவா, சுவரை ஒட்டி நிற்கின்றனவா, வளர்ப்புப் பிராணி உள்ளே வருகிறதா. ஒரு ஸ்டீல் ரேக் வாங்கித் தரையிலிருந்து அரை அடி, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். தலைமுடியை மூடும் துணியும் ஏப்ரனும் வாங்கி வையுங்கள். பதிவு பெற்ற மருத்துவரிடம் 'உணவு கையாளத் தகுதியானவர்' என்ற சான்று வாங்கி வையுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பியுங்கள். மளிகை வாங்கிய பில்களை ஒரு கோப்பில் போடுங்கள். பில் இல்லாத மிளகாய் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும். அதை அச்சடித்துத் தயாரிக்கும் இடத்தில் மாட்டுங்கள். லேபிள் வேலையை இந்த எண் கையில் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

5. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும்

உத்யம் சான்று, எஃப்எஸ்எஸ்ஏஐ சான்று இரண்டையும் காட்டினால் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு திறக்கலாம். சேமிப்புக் கணக்கிலேயே ஓட்டினால் எது வீட்டுப் பணம், எது பொடிப் பணம் என்று மூன்றாவது மாதமே தெரியாமல் போகும். குறைந்தபட்ச இருப்பு குறைவாகக் கேட்கும் வங்கியைப் பாருங்கள்.

ஜிஎஸ்டியில் மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயம் இல்லை. இதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு: வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்று அனுப்பினாலும் பதிவு கட்டாயம். ஓசூரில் செய்து பெங்களூருக்குக் கூரியர் போட்டால் 40 லட்ச வரம்பு உங்களுக்கு இல்லை. சமூக ஊடகத்தில் ஆர்டர் எடுப்பவர்கள் விழுவது இங்கேதான். பதிவு எடுக்கும் வரை 'தமிழ்நாட்டுக்குள் மட்டும்' என்று ஆர்டர் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பெரிய இணையச் சந்தைகளில் மாநிலத்துக்குள் மட்டும் விற்க, பதிவில்லாத சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது. பான் கொண்டு ஒரு சேர்க்கை எண் எடுக்க வேண்டும். ஆனாலும் சந்தைத் தளம் தன் பங்குக்கு ஜிஎஸ்டி எண் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

ஜிஎஸ்டி எடுத்துவிட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தேவை வருவதற்கு முன்பே 'இருக்கட்டுமே' என்று எடுத்து வைக்காதீர்கள்.

6. தராசும் பாக்கெட் பதிவும்

முன்கூட்டியே எடை போட்டு அடைத்து விற்கும் எல்லாப் பொருளும் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குள் வரும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. பேக் செய்பவர் தொழில் தொடங்கிய 90 நாளுக்குள் 2011 பாக்கெட் பொருள் விதிகளின் 27-ஆவது விதிப்படி பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். உணவுப் பதிவு இருந்தால் இது வேண்டாம் என்று நினைப்பது தவறு, இரண்டும் வெவ்வேறு சட்டம்.

சமையலறைக்கென்று முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கும் குட்டித் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. எடையளவு முத்திரை போடத்தக்க, மாதிரி அங்கீகாரம் (அந்த ரகத் தராசுக்கு அரசு தந்த ஒப்புதல்) உள்ள எலெக்ட்ரானிக் தராசை உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை வேண்டும்.

7. லேபிள்: அச்சுக்குப் போகும் முன் பத்து தடவை படியுங்கள்

மொழியிலிருந்தே தொடங்குவோம். தமிழில் மட்டும் லேபிள் அடித்தால் செல்லாது. 2020 லேபிள் விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அழகாகத் தமிழில் மட்டும் வடிவமைத்து அச்சடித்துவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட சைவக் குறி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் 14 இலக்க எண்ணும், தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராம் விலை, புகாருக்குப் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், எப்படிப் பாதுகாப்பது என்ற குறிப்பு. உங்கள் பொருளுக்கு ஊட்டச்சத்து விவரத்தில் விலக்கு உண்டா என்பதை அலுவலரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

சேர்மானம் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கு வரிசையில் வர வேண்டும். உதாரணத்துக்குப் பத்து கிலோ சாம்பார் பொடிக்கு மல்லி 4 கிலோ, மிளகாய் 3 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, கடலைப்பருப்பு 1 கிலோ, மிளகு 300 கிராம், சீரகம் 300, மஞ்சள் 200, வெந்தயம் 150, பெருங்காயம் 50 என்று போட்டால், லேபிளிலும் அதே வரிசை. கடைசியில் இருக்கும் அந்த 50 கிராம் பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அப்படியானால் உங்கள் பொடியிலும் கோதுமை இருக்கிறது, ஒவ்வாமைக் குறிப்பில் அதைச் சொல்லியாக வேண்டும். வேர்க்கடலையும் அப்படியே.

ஒரு கிராம் விலை என்பது பாக்கெட் விலையை எடையால் வகுத்தது. 200 கிராம் 120 ரூபாய் என்றால் 'கிராமுக்கு ரூ.0.60'. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் கணக்கு, மேலே போனால் கிலோ கணக்கு.

விலை, தேதி, பேட்ச் எண், கிராம் விலை நான்குக்கும் வெற்றிடம் விட்டு அச்சடியுங்கள். பேக் செய்யும் அன்று அழியாத மையில் முத்திரை குத்துங்கள் அல்லது கையடக்க அச்சுக் கருவியால் அடியுங்கள். விலையையும் சேர்த்து அச்சடித்துவிட்டால், மிளகாய் விலை ஏறும்போது மேலே ஸ்டிக்கர் ஒட்டி விலையை உயர்த்த முடியாது, அது குற்றம்.

'சர்க்கரை நோய் தீரும்', 'மூட்டுவலி போகும்' என்று எழுதவே கூடாது. 'வீட்டுத் தயாரிப்பு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும்படி அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 விளம்பர விதி. தொழில் வளர்ந்து வேலை வெளியே ஒரு கொட்டகைக்கு மாறினால், அன்றே அந்தச் சொல்லை லேபிளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதல் தடவை 500-க்கு மேல் அச்சடிக்காதீர்கள். பவுச்சிலேயே அச்சடிப்பதை விட, வெறும் பவுச்சில் ஸ்டிக்கர் லேபிள் ஒட்டுவது முதல் ஆண்டுக்குப் பாதுகாப்பு. பெயர் நிலைத்ததும் வர்த்தகக் குறிக்கு விண்ணப்பிக்கலாம். பொடிக்கு 30-ஆவது வகுப்பு, உத்யம் சான்று உள்ள தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய்.

8. வறுத்தல், அரைத்தல், ஆற வைத்தல்

பேப்பர் எல்லாம் சரியாக இருந்தும் சரக்கு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்.

மிளகாயின் காம்பைக் கிள்ளி, வெயிலில் காயவைத்து, ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிய வேண்டும், குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. கறிவேப்பிலை கையால் நொறுக்கினால் தூளாக வேண்டும். இட்லிப் பொடிக்குக் கல் உப்பை வெறும் சட்டியில் வெடிப்பு அடங்கும் வரை வறுத்துச் சேருங்கள். வறுக்காத உப்பு ஒன்றே போதும், மழைக்காலத்தில் பொடி முழுவதும் கட்டியாகிவிடும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். சீரகம் வாசனை வரும் நேரத்தில் துவரம்பருப்பு பச்சையாகத்தான் இருக்கும். பச்சைப் பருப்பு உள்ள பொடியில் வண்டு சீக்கிரம் விழும்.

மில்லில் உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மெஷினுக்குள் தங்கிய மாவு உங்கள் பொடியில் வந்து விழும். உங்கள் மல்லியில் ஒரு பிடியை முதலில் ஓட்டி, வரும் கால் கிலோவைத் தனியாக ஒதுக்குங்கள். அதை விற்பனைக்குச் சேர்க்காதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போவது இன்னும் நல்லது. அரைத்து வந்த பொடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், சுத்தியல் தேய்ந்த மெஷினில் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும்.

மில்லிலிருந்து வரும் பொடி கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். அதைத் தூக்கு வாளியில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே பவுச்சில் போட்டால், உள்ளே ஆவி வேர்த்து, ஒரு வாரத்தில் கட்டியும் இரண்டாவது மாதத்தில் பூஞ்சையும் தெரியும். அகலமான ஸ்டீல் தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மெல்லிய துணி போர்த்தி, விசிறி நேரடியாக அடிக்காமல் நான்கைந்து மணி நேரம் ஆறவிடுங்கள். நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் வெதுவெதுப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பெய்யும் நாளில் வறுக்கவோ பேக் செய்யவோ வேண்டாம். அந்த இரண்டு மாதத்துக்கு அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சீல் போடும் இடத்தில் பொடி ஒட்டியிருந்தால் சீல் பிடித்தது போலத் தெரியும், ஆனால் காற்று போகும். புனல் வைத்து நிரப்பி, பவுச்சின் வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சீல் போடுங்கள். இருபது பாக்கெட்டுக்கு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த இருபதையும் மறுபடி போட வேண்டும். ஒளி புகும் பவுச் வேண்டாம். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்டால் சில வாரத்தில் மிளகாய்ச் சிவப்பு வெளுத்துவிடும்.

9. விலை: உங்கள் கூலியைப் போடுங்கள்

மேலே சொன்ன பத்து கிலோவையே எடுத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மளிகை 1,900, அரவை 300, கேஸ் 150. காம்பு, வறுப்பு, மில் தூசி எல்லாம் போக ஏறக்குறைய 9 கிலோ நிற்கும், அதாவது 200 கிராம் பாக்கெட் 45. பவுச்சும் லேபிளும் பாக்கெட்டுக்கு 8 ரூபாய் வீதம் 360. இதுவரை 2,710, பாக்கெட்டுக்கு 60 ரூபாய்.

இங்கேயே நிறுத்தி, 90 ரூபாய் விலை போட்டால் 30 ரூபாய் லாபம் என்று நினைப்பதுதான் வீட்டுத் தொழிலின் பெரிய கண்ணி. கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 67.50. 45 பாக்கெட்டுக்கும் சேர்த்து மிச்சம் 328 ரூபாய். சுத்தம் செய்வதிலிருந்து சீல் போடுவது வரை 9 மணி நேரம் பிடித்தால், மணிக்கு 36 ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறீர்கள்.

மணிக்கு 100 ரூபாய் வீதம் 900 ரூபாய் கூலி சேர்த்தால் அடக்கம் 3,610, பாக்கெட்டுக்கு 80. விலை 120 வைத்தால் கடைக் கழிவு போக 90 வரும், மிச்சம் ஏறக்குறைய 10 ரூபாய். அதிலிருந்துதான் மாதிரிப் பாக்கெட், திரும்பி வரும் சரக்கு, ஆட்டோ எல்லாம். இந்த விலைக்கு உங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் நேரடி விற்பனையைக் கூட்டுங்கள், கடைகளைக் குறையுங்கள். வீட்டு ஆள்தானே என்று கூலியை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு உதவிக்கு ஓர் அம்மாவை வேலைக்கு வைக்க நேர்ந்தால் அந்தக் கூலி எங்கிருந்து வரும்?

மல்லியும் மிளகாயும் புது வரத்து வரும் மாசி, பங்குனியில் மூன்று மாதத் தேவைக்கு வாங்கி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள். ஆண்டு முழுவதற்கும் வாங்கினால் வண்டுக்குத்தான் போகும்.

10. கடன், மானியம்

முதல் ஐம்பது கிலோவை விற்கும் வரை கடன் வேண்டாம். அதற்குப் பிறகு முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடனில், ஷிஷு என்ற முதல் வகையில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். மெஷின், கொட்டகை என்று போனால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி (மானியத்தோடு வங்கிக் கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு நகரத்தில் திட்டச் செலவில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம். அது புதிய தொழிலுக்கு மட்டும் என்பதால், ஏற்கெனவே விற்கத் தொடங்கிய உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த மானியம் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நின்று பிறகு கடனில் கழியும். கடன் அனுமதி வரும் முன்பே சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கிவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது. 'மானியம் வாங்கித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

11. முதல் கடைக்குக் கொடுக்கும் முன்

ஒரு நோட்டுப் போடுங்கள். பேட்ச் எண், அரைத்த தேதி, மளிகை வாங்கிய பில் எண், எத்தனை பாக்கெட், எந்தக் கடைக்கு எத்தனை. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாக்கெட்டை விற்காமல் காலாவதி முடியும் வரை வீட்டில் வையுங்கள். புகார் வந்தால், கோளாறு உங்கள் தயாரிப்பிலா, கடையில் வைத்த இடத்திலா என்று அந்த இரண்டு பாக்கெட்டைப் பிரித்துத்தான் சொல்ல முடியும்.

கடைக்காரரிடம் வாய்ப்பேச்சோடு விடாமல் பில் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்: கழிவு எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில், விற்காத சரக்கைக் காலாவதிக்கு எத்தனை நாள் முன்பு திருப்பித் தருவார். குறைந்தது 45 நாள் கேளுங்கள். திரும்பி வந்த பாக்கெட்டைப் பிரித்துப் புதுப் பேட்சில் கலக்கவே கூடாது. ஒரு கடைக்கு முதல் தடவை பன்னிரண்டு பாக்கெட் போதும். பத்து நாள் கழித்து நீங்களே போய், தூசி தட்டி, பழையதை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த அரவை எத்தனை கிலோ என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.